வாசற்படிக்கு மேலே ஏறிய சாலை

பழைய வீடு வாங்க நினைக்கிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் ஏதாவது ஒரு விரிசலுக்கு எதிரில்தான் நிறுத்துவார்கள். "இது ஆபத்தா சார்?" என்பார்கள். பார்த்து வைத்துக்கொள்வேன். ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் தெருவுக்குத் திரும்பி, சாலை எவ்வளவு உயர்ந்திருக்கிறது, வாசற்படி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்தாக வேண்டும். மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், மந்தைவெளி, புரசைவாக்கம் என்று சென்னையின் பழைய பகுதிகளில் அரை கிரவுண்டிலும் அதற்குக் குறைந்த மனையிலும் நிற்கும் தனி வீடுகளைச் சோதித்துச் சொல்வது கட்டடப் பொறியாளனாகிய என் தொழில். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் கெட்டியாகவே கட்டினார்கள். அவற்றைச் சாய்ப்பது தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று தெரிந்துவிட்டால் வீட்டின் மற்ற கதை பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அளப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயின் ஒரு முனையை வாசற்படியில் ஒருவர் பிடிக்க, மறுமுனையை நான் சாலை நடுவில் பிடிப்பேன். தண்ணீர் ஆடி அடங்கியதும் வித்தியாசத்தை டேப்பில் படித்துவிடலாம். கட்டிய காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டு வந்ததன் விளைவு இது. சுரண்டிவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. ஆனால் அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் வீடு பார்த்த வங்கி ஊழியரான அம்மா ஒருவர், "ஏன் சார், சுவரைப் பாக்காம ரோட்டையே அளக்கறீங்க?" என்று கேட்டார். "சுவரை நாம சரி பண்ணிக்கலாம்மா. ரோடு நம்ம கையில இல்ல" என்றேன். கழிவறையின் தரைமட்டம் தெருவிலிருந்த மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்ந்திருந்தது. அப்படி இருந்தால், தெருக்குழாய் அடைத்துக்கொள்ளும்போது கழிவுநீர் மூடி வழியாகப் பொங்குவதற்கு முன்பே தாழ்ந்த வீட்டின் கழிவறைக்குள் ஏறிவிடும். வீட்டுச் சேம்பரில் ஒருவழி வால்வு வைத்துத் தடுக்கலாம். ஆனால் வால்வு மூடியிருக்கும் நேரமெல்லாம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகும் அவர் அந்த வீட்டைத்தான் வாங்கினார். அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துப் பேசினார். குடிபோகும் முன்பே கழிவறை, குளியலறைத் தரைகளை உயர்த்திக்கொண்டார். குறையைத் தெரிந்துகொண்டு வாங்குவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாமே என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். தூக்கலாம், தூக்கவும் செய்கிறார்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர் இருக்கும் இடத்தில் ஒரு வீட்டை மட்டும் எப்படித் தூக்குவது? சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு அடியில் முதலில் தாங்கு பீம் நுழைக்க வேண்டும். அந்த வேலையிலேயே சுவர் பிளந்துவிடும் அபாயம் உண்டு. சின்னப் பழைய வீட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

மாம்பலத்துப் பக்கம் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான் தியாகராய நகர். ஏரி போய்விட்டது, ஏரிக்கு வந்த தண்ணீருக்கு வழி மறக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் கேட்க வேண்டும். வீடும் சொல்லும்: மின்மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கும், குளிர்பதனப் பெட்டி செங்கல் மேல் ஏறி நிற்கும், பிளக் பாயின்ட் மட்டும் புதிதாக இடுப்பு உயரத்துக்குப் போயிருக்கும்.

அடுத்துக் கூரை. 1950-க்கு முந்தைய வீடானால் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய தளச்செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் மூலைவாட்டமாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் நாள்கணக்கில் இடித்து, கடைசியில் தட்டோடு பதித்த தளம். சித்திரை வெயிலில் அதன் அடியில் படுத்தவர்கள் கான்கிரீட் வீட்டுக்குக் குடிபோனால் வருந்துவார்கள். இந்தக் கூரை கெட்டுப்போகும் இடம் எப்போதும் ஒன்றுதான். கட்டையின் நடுப்பகுதி நூறு ஆண்டானாலும் கல்லாக இருக்கும். அது சுவருக்குள் நுழையும் முனை உளுத்திருக்கும். மேலே தட்டோட்டின் சந்து பிளந்து இறங்கும் மழைநீர் கைப்பிடிச்சுவர் ஓரமாகவே வழிந்து அந்த முனையில்தான் போய்ச் சேர்கிறது. அதனால் ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டி ஒவ்வொரு கட்டையிலும் மெல்லிய திருப்புளியால் குத்திப் பார்ப்பேன். நல்ல தேக்கு நுனியைக்கூட உள்ளே விடாது. கையில் அதிர்வு திரும்பி வரும். உளுத்த கட்டையில் திருப்புளி சத்தமே இல்லாமல் ஒரு அங்குலம் இறங்கி, இழுக்கும்போது ஈரத்தூள் ஒட்டிக்கொண்டு வரும். பெயின்ட் அடித்து வைத்திருந்தாலும் இந்தச் சோதனையில் தப்பாது. இரண்டு மூன்று முனைகள்தான் போயிருக்கின்றன என்றால் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்கி, மேலே தட்டோட்டைச் சரிசெய்தால் போதும். வரிசையாகப் போயிருந்தால் கூரையையே மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்தாக வேண்டும்.

1960, 70-களின் கான்கிரீட் கூரை இதைவிடக் கவலை தரும். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் பல வீடுகளில் அரை அங்குலம்கூட இருக்காது. 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி குறைந்தது 20 மில்லிமீட்டர் கேட்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையை மெல்ல மெல்லத் தின்றுகொண்டு உள்ளே போகும். கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. கூரையில் சின்னதாக ஒரு துண்டை உடைத்து, அந்தப் புது முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் மிஞ்சியிருக்கும் இடம் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் நிறமே மாறாது. கம்பி இளஞ்சிவப்புக்குள் இருந்தால் அந்தக் கூரைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

சுவர் விஷயத்தில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்தாலும் அதைக் காற்றில் விட்டுவிடும். கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறதே என்று அதைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுகிறார்கள், அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். வெளியேற வழியில்லாத ஓதம் அந்த டைல்ஸுக்கு மேலே ஏறி நெஞ்சுயரத்தில் பூக்கும். விற்பதற்காகப் புதிதாகப் பூசிய சுவரைக் கண்டால் பல வீட்டில் இதுதான் நடந்திருக்கும். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசச் சொல்கிறேன். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இன்னும் இருக்கிறார்கள்.

இனி அந்த விரிசல். மாம்பலம், தியாகராய நகர்ப் பக்கம் களிமண். கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். கோடையில் விரிந்து மார்கழியில் மூடிக்கொள்ளும் விரிசலோடு அந்த வீடுகள் பல தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றன. ஒரே பக்கமாக அகன்றுகொண்டே போகும் விரிசலும், பக்கத்தில் யாரோ அடித்தளம் தோண்டிய பின் வந்த விரிசலும்தான் எனக்குக் கவலை. வீட்டுக்குள் மிஞ்சுவது ஒயரிங். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முழுவதும் மாற்றிவிட வேண்டும்.

பத்திரங்களை வக்கீல் பார்ப்பார். ஆனால் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிச் சில இடங்களில் கட்டடம் மட்டும் விற்கிறவருடையது, அடிமனை கோயிலுடையது. அதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். குடும்பச் சொத்தென்றால் பெண்களின் கையெழுத்தும் வேண்டும். தமிழ்நாட்டில் 1989-லிருந்தே, அதற்கு முன் திருமணமாகாத இந்து மகள்களுக்கு அதில் சம பங்கு வந்துவிட்டது; 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமானவர்களுக்கும் அதைக் கொடுத்தது. திருமணமாகிப் போன அக்காள் தங்கைகளை விட்டுவிட்டுப் போட்ட பத்திரங்கள் இன்றும் வழக்கில் கிடக்கின்றன.

"கட்டடத்துக்கு விலையே இல்லை, மனைக்குத்தான் விலை" என்பார் தரகர். கேட்பவர்களும் இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போடுவார்கள். இந்தக் கணக்கைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். 2019-இன் கட்டட விதிகளின்படி புதிதாகக் கட்டும்போது, தொடர் கட்டடப் பகுதி என்று குறிக்கப்படாத இடங்களில் முன்னும் பக்கத்திலும் இடம் விட வேண்டும். எல்லைவரை சுவர் எழுப்பி நிற்கும் பழைய வீட்டை இடித்துவிட்டால் பதினைந்தடி அகல மனையில் அந்த அறைகளைத் திரும்பப் பெற முடியாது. கீழே கார் நிறுத்தவும் இடம் விட்டால் மிச்சமிருப்பது மாடிப்படிதான். அதனால் என் அறிக்கையில் கூரைக்கு, சுவருக்கு, கழிவுநீர்க் குழாய்க்கு ஆகும் செலவைத் தனித்தனியே எழுதி, நிற்கிற கட்டடத்துக்கும் ஒரு மதிப்புப் போடுவேன். செலவு அந்த மதிப்பைத் தாண்டாதவரை வீட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

முடிந்தால் பேச்சை ஐப்பசிவரை இழுக்கச் சொல்வேன். விற்கிறவர் அவசரப்படுத்தினால் முன்பண ஒப்பந்தத்தில் மூன்று மாத அவகாசம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடைமழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சாலைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், குளியலறை நீர்போக்கியில் குமிழி வருகிறதா என்று பாருங்கள், பிறகு மாடிக்கு ஏறி மழைநீர்க் குழாய் கிணற்றுக்குப் போகிறதா தெருவுக்குப் போகிறதா என்று பாருங்கள். கிணற்றுக்குப் போனால் அந்த வீட்டுக்காரர்கள் 2003-இல் வந்த மழைநீர்ச் சேகரிப்புச் சட்டத்தை ஒப்புக்குச் செய்யவில்லை என்று தெரியும்; அப்படிப்பட்டவர்கள் கூரையையும் கவனித்திருப்பார்கள்.