மூல ஓலை

எங்க ஊர் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்திய கிழவர் வழக்கை ஜெயித்தது இங்கேதான். பந்தலில் காட்டிய ஓலையை சுந்தரர் கிழித்துப் போட்டுவிட்டார். ஊர்ச் சபையில் கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்டினார், பேச்சு முடிந்தது. டயருக்கு எவ்வளவு காத்து என்று எனக்கும் அப்பாவுக்கும் நடக்கிற சண்டையில் இந்தக் கதை எனக்கு ரொம்ப உதவும்.

அப்பா காட்டும் ஓலை டயரின் பக்கவாட்டில் இருக்கிறது. "இதோ பாரு, 41னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான்." முன்னாடியே 'மேக்ஸ்' என்று இருப்பதை அவர் படிப்பதில்லை. அந்த டயர் தாங்கும் உச்ச எடைக்கான அழுத்தம் அது. எந்த வண்டியில் மாட்டுவார்கள், யார் உட்காருவார்கள் என்று டயர் செய்தவனுக்கு எப்படித் தெரியும்? மூல ஓலை வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. அப்பா வண்டியில் முன்னால் 25 பவுண்டு, பின்னால் ஒருத்தருக்கு 28, ரெண்டு பேருக்கு 32.

பஞ்சர் கடை அண்ணனுக்கு வேறு சாஸ்திரம். மே மாசம் வந்தால், "வெயிலு ஜாஸ்தி தம்பி, வெடிச்சிடும், நாலு கொறச்சே வைக்கிறேன்" என்பார். எனக்கு பயமே இதில்தான். அப்பா மாசம் ஒருதரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு அரசூரில் ஹைவே ஏறி முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். காத்து குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி உடைத்துப் பாருங்கள், மடங்கிய இடம் சுடும். டயரும் அப்படித்தான் உள்ளிருந்தே சூடாகிறது. வெயிலுக்குப் பயந்து காத்தைக் குறைப்பது வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டத்தான் செய்யும். சூட்டில் அழுத்தம் ஏறுவது நிஜம், 5, 6 டிகிரிக்கு ஒரு பவுண்டு மாதிரி. ஸ்டிக்கரில் உள்ள எண் அதையும் கணக்கில் எடுத்து, ஆறின டயருக்குப் போட்டது. அதனால் காலையில் வண்டி எடுக்கும் முன்னாடியே பார்க்கணும். ஓட்டி வந்து சூடாக இருக்கும்போது பார்த்துவிட்டு, கூடிடுச்சே என்று பிடுங்கிவிடக் கூடாது.

அதற்காக 41 வைத்தாலும் ஆபத்து. டயர் நடுவில் புடைத்து ஒரு கோடு மாதிரிதான் ரோட்டைத் தொடும். பெண்ணையாத்து மணல் சிந்திக் கிடக்கிற வளைவில் பிரேக் பிடித்தால் தெரியும் சேதி. அம்மாவுக்கு ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் விழுகிறது, அது தனி.

நைட்ரஜன் அடிச்சா தீர்ந்திடும் என்கிறார்கள். சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் அதுதான்.

பேனா மாதிரி ஒரு கேஜ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அப்பா அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, இன்னமும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். முடிவுக்கு வராத விஷயம் ஒன்றுதான். திரும்பி வரும்போது அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு அரிசி மூட்டை ஏறிவிடுகிறது. அதற்கு ஸ்டிக்கரில் எண் இல்லை. மூட்டையை பஸ்ஸில் போடுங்க என்கிறேன். "பஸ்ஸுல லக்கேஜ் யார் குடுப்பா?" என்கிறார்.