பழைய மாறுதல்களின் சரித்திரம்

விருத்தாசலம், திங்கட்கிழமை

எங்கள் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலைக்காக, எனக்கு முன்னிருந்தவர்களும் நானும் பல வருஷங்களாக எழுதிவந்த சரக்குக் கணக்கு மென்பொருளை, நிரலின் மாறுதல்களைப் பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் என்ற அமைப்பிலிருந்து கிட் என்ற மற்றோர் அமைப்புக்கு மாற்றும் காரியத்தை இன்று தொடங்கினேன். இன்றைய நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு பழையதை விட்டுவிடலாமே என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. பச்சையில் உடைந்த சரக்கைக் கரைத்து மறுபடி களிமண்ணாக்கலாம், சூளையில் வெந்தபின் உடைந்ததோ கழிவே, ஆகையால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கலாகாது என்று, உடைசல் கணக்கைப் பிரிக்கும் பகுதியை எழுதியவர் கமிட்டோடு, அதாவது பதிந்த மாறுதலோடு, விட்டுச்சென்ற குறிப்பைத் தவிர, அதன் காரணத்துக்கு வேறு சாட்சியம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை

சப்வெர்ஷன் மாறுதல்களுக்கு வரிசை எண் இட்டு, செய்தவரின் பயனர் பெயரை மாத்திரம் பதிகிறது. கிட்டோ முழுப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்கிறது. பழைய பதிவுகளில் 'கே' என்ற ஒற்றை எழுத்துப் பயனர் பெயருக்குரிய மனிதர் யாரென்று விசாரித்துப் பட்டியல் எழுதவேண்டும். கிட்டின் 40 இலக்க அடையாளம், உள்ளடக்கம், பெயர், தேதி, குறிப்பு, முந்தைய கமிட்டின் அடையாளம் ஆகிய யாவற்றிலிருந்தும் கணக்கிடப்படுவதால், பின்னொரு நாள் ஒரு பெயரைத் திருத்தினாலும் அதற்குப் பிந்திய அடையாளங்கள் அனைத்தும் மாறிப்போகும்.

புதன்கிழமை

'212ஆம் மாறுதலைப் பார்க்க' என்பது போன்ற பழைய குறிப்புகள், வரிசை எண்களே இல்லாத கிட்டில் அர்த்தமற்றுப்போகும். ஜிசிசி கம்பைலரை 2020 ஜனவரியில் கிட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், பழைய எண்ணைக் குறிப்பின் அடியிலேயே ஒரு வரியாக எழுதிவைத்தார்கள். அந்த வழக்கத்தையே நானும் கைக்கொண்டேன். சப்வெர்ஷனுக்கும் முந்திய சிவிஎஸ் என்ற அமைப்பின் காலத்தில் கோப்புக்குக் கோப்பு தனித்தனிச் சரித்திரம் இருந்தமையால், ஒரே மனிதர் ஒரே குறிப்போடு அடுத்தடுத்துச் செய்தவற்றை ஒரே மாறுதலென்று மாற்றுபவரே ஊகித்துக் கோக்க வேண்டியிருந்தது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பவரின் பொறுப்புக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

சிலவற்றை மாற்றாமலே விடுவதும் உண்டு. 2005 மே மாதம் சிவிஎஸ்ஸை விட்டு சப்வெர்ஷனுக்கு வந்த கேடிஇ என்ற மென்பொருள் திட்டம், பிற்பாடு நிரல்களைக் கிட்டுக்கு மாற்றியும், தமிழ் உட்பட மொழிபெயர்ப்புகளை சப்வெர்ஷனிலேயே வைத்துக்கொண்டது. மொழிபெயர்ப்பாளர்களின் வேலைமுறை அதில் ஊன்றியிருக்கையில், மாற்றியே தீரவேண்டுமென்ற நிர்ப்பந்தம் எதற்கு?

நாளை ஓய்வுபெற்ற கணக்கரைக் கண்டு 'கே' யாரென்று கேட்கவேண்டும். 'கே'யின் பெயர் பட்டியலில் ஏறும்வரை மாற்றத்தை நடத்துவதாக இல்லை.