கொம்பேறி மூக்கனுக்கு ஒரு கொம்பு

கொம்பேறி மூக்கன் கதையை நம் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடித்துவிட்டுச் சும்மா போகாதாம். மரத்தில் ஏறி, கடிபட்டவன் எரிகிற புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். பாவம், அதற்கு ஆளைக் கொல்லும் விஷமே கிடையாது. மரமேறுவது பல்லிக்கும் தவளைக்கும்தான். ஆனால் பெயரில் ஓர் உண்மை இருக்கிறது. சில பாம்புகளுக்குக் கொம்பு, அதாவது கிளை, வேண்டும்.

நண்பர் ஒருவர், மகன் ஆசைப்பட்டான் என்று முறைப்படி பதிவு செய்து பால் பைத்தான் வளர்க்கிறார். (உடனே கிண்ணத்தில் பாலோடு கிளம்பிவிடாதீர்கள். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். ஆப்பிரிக்காக்காரர்.) பையன் கண்ணாடித் தொட்டிக்குள் ஏணி, ஊஞ்சல், கோபுரம் என்று ஒரு பொருட்காட்சியே வைத்திருந்தான். எல்லாம் செலோடேப் தயவில் நின்றன. "எப்படி இருக்கு அங்கிள்?" என்றான். பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தெரியும். பாம்புக்கு வீடு கட்டுவதெல்லாம் சிலபஸில் இல்லை.

அடுத்த ஞாயிறு அவனை அழைத்துக்கொண்டு திருப்போரூரிலிருந்து கிழக்கே, பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி, வடநெம்மேலிக்குப் போனேன். முதலைப் பண்ணைக்குள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்களின் தொழில், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் நின்றுபோனது. 1978-ல் ராமுலஸ் விட்டேகர் துணையோடு சங்கம் பிறந்தது. அன்றிலிருந்து கொல்வதற்குப் பதில் விஷம் எடுக்கிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அதுதான் மூலப்பொருள்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாவற்றுக்கும் அங்கே வீடு, மண் பானை! உள்ளே மணல், வாயில் துணி கட்டு. அவ்வளவுதான். இருட்டு, குளிர்ச்சி, தொந்தரவு இல்லை. இவை பெரும்பாலும் தரைவாசிகள், மாடி கேட்பதில்லை. பையன் ரொம்ப நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து கோபுரத்தை இடித்தோம். செலோடேப்தான் முதல் எதிரி. செதிலில் ஒட்டினால் தோலோடு பிய்த்துக்கொண்டு வரும். ஆணி, கம்பி நுனி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கிளை பாம்பின் உடம்பு கனமாவது இருக்கட்டும். பட்டை சொரசொரப்பாக இருந்தால் பிடிப்பு கிடைக்கும். பிசின் வடிவதும், அரளி, எருக்கு மாதிரி விஷப் பால் உள்ளதும் வேண்டாம். கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, உருளாமல் இரண்டு முனையையும் இறுக்க வேண்டும். உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள். உங்களுக்கே ஆடினால் அதற்கும் ஆடும்.

பால் பைத்தான் குண்டு ஆசாமி, உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும். அதனால் கிளையைத் தாழ்வாக வைத்தோம். சூடு காட்டும் பல்புக்கு வலைக்கூண்டு போட்டோம். பாம்பு சுடுகிறதே என்று சட்டென்று விலகாது, வெந்துவிடும். கடைசியாக ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மண் பானை. அது பையனின் யோசனை!

இன்னொன்று, மூடி. ஏறத் தெரிந்த பாம்பு முதலில் ஆராய்வது அதைத்தான். இது விளையாட்டில்லை. அமெரிக்காவின் புளோரிடா சதுப்புநிலங்களில் இன்று பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள பிராணிகளை விழுங்கித் தீர்க்கின்றன. ஆரம்பம், செல்லமாக வளர்த்தவர்கள் விட்டவையும் தப்பியவையும்தான். அவற்றைப் பிடிக்க 2017-ல் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

ஆசையில் யாரும் தோட்டத்துச் சாரையைப் பிடித்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைப்பது குற்றம். சங்கத்துக்கே அனுமதி பெற்றுத்தான் பிடிக்க முடியும். அங்கேயும் சில வாரங்கள்தான். சில முறை விஷம் எடுத்துவிட்டு, மறுபடி பிடிபடாமலிருக்க வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

வாடகை, அட்வான்ஸ் எதுவுமில்லாமல் குடிவைத்து, விஷத்தையும் வாங்கிக்கொண்டு, சொன்ன தேதியில் அனுப்பிவைக்கிற வீட்டுக்காரர்கள். சென்னையில் கிடைப்பார்களா?