உயர்தரத்தில் சித்திரம் கற்கலாமா?



சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் சிலர் மத்ரஸாவுக்கு வந்து கேட்கும் கேள்வி இது. நம் பாடசாலைகளில் அழகியற் பாடங்களுள் சங்கீதத்தையும் நடனத்தையும் தவிர்க்கும் பிள்ளைகள் பலர் சித்திரத்தையே தெரிவு செய்கின்றனர். பதினொராம் ஆண்டு வரை எவரும் அதைத் தடுப்பதில்லை. அதே பிள்ளை உயர்தரக் கலைப் பிரிவில் தமிழ், இஸ்லாமிய நாகரிகம் ஆகியவற்றோடு சித்திரத்தையும் எடுக்க விரும்பினால் மட்டும் வீட்டில் பெரும் விவாதம் எழுகின்றது.

நெசவுத் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் மஃரிப் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து, "மௌலவி, குர்ஆன் ஓதுற பிள்ளை, படம் கீறப் படிக்கப் போகுதாம். நீங்க ஒரு சொல் சொன்னாக் கேட்கும்" என்றார். அவர் முகத்தில் இருந்தது கோபமன்று. மகளின் மறுமையைப் பற்றிய அச்சம். அந்த அச்சத்தை எள்ளி நகையாடும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் அச்சத்துக்குரிய பதிலை மார்க்கத்தின் மூலாதாரங்களிலிருந்தே தேட வேண்டும்.

உருவம் வரைவோர் பற்றிய எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் ஆதாரபூர்வமாகப் பதிவாகியுள்ளது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைதல் ஹராம் என்பதே நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. இமாம் நவவீ (ரஹ்) அதனை வலியுறுத்தியுள்ளார்கள். மாலிக்கி மத்ஹப் அறிஞர் பலர் நிழல் விழாத தட்டையான உருவங்களை வெறுக்கத்தக்கவை என்ற அளவில் நிறுத்தினர். கருத்து வேறுபாடு உண்டு என்பதற்காக எச்சரிக்கையை இலேசாகக் கருதிவிட முடியாது.

ஆனால் அதே கிரந்தங்களில் மற்றொரு செய்தியும் உள்ளது. உருவம் வரைந்தே பிழைக்கும் மனிதர் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறினார். நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட எச்சரிக்கையை அவர்கள் மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். அதைக் கேட்டு அம்மனிதரின் முகம் வெளிறியது. அப்போது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், வரைந்தே தீர வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். அந்த மனிதரின் கையிலிருந்து தூரிகையைப் பறிக்கவில்லை. அது செல்ல வேண்டிய திசையைக் காட்டினார்கள். ஓர் ஆசிரியனாக நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கும் சம்பவம் இது.

அந்தத் திசை வறண்ட திசையன்று என்பதற்கு நம் வரலாறே சாட்சி. கலீஃபா அல்வலீத் காலத்தில் கி.பி. 715 அளவில் நிறைவுற்ற டமஸ்கஸ் ஜாமிஉல் உமவீ பள்ளிவாசலின் சுவர்களில் பொன்னிறக் கண்ணாடித் துண்டுகளால் ஆன பெருங்காட்சிகள் உள்ளன. ஆறு ஓடுகின்றது, மரங்கள் நிழல் பரப்புகின்றன, மாளிகைகள் எழுந்து நிற்கின்றன. மனிதரோ விலங்கோ அங்கு இல்லை. பக்தாதில் வஸீராக இருந்த இப்னு முக்லா (மறைவு கி.பி. 940) எழுதுகோல் முனை பதிக்கும் புள்ளியை அளவாகக் கொண்டு அரபு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார். அவருடைய வலக்கை துண்டிக்கப்பட்ட பின்பும் அவர் எழுதுவதை விடவில்லை என வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். கொழும்புப் புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோலத்தைக் காணாத இலங்கை முஸ்லிம்கள் சிலரே. மருதமுனைத் தறிகளில் விளையும் சாரனின் கட்டமும் கரையும்கூட ஒருவருடைய கண்ணும் கையும் கற்றுக்கொண்ட சித்திரமே.

உயர்தரச் சித்திரப் பாடத்தில் செய்முறையோடு கலை வரலாறும் உண்டு. சீகிரிய ஓவியங்கள், பொலன்னறுவைச் சிலைகள், இந்தியக் கலை, ஐரோப்பியக் கலை என அது விரிகின்றது. சிலையைப் பற்றிப் படிப்பது சிலையை வணங்குவதாகாதா எனச் சிலர் கேட்கின்றனர். ஆகாது. நாம் வாழும் நாட்டின் சக மக்கள் எதை மதிக்கின்றனர், ஏன் மதிக்கின்றனர் என அறிவது அறிவு. அதை வழிபடுவது வேறு செயல். அரபு மத்ரஸாக்களில் ஜாஹிலிய்யாக் காலச் சிலைகளின் பெயர்களைத் தஃப்ஸீர் பாடத்திலேயே நாங்கள் கற்பிக்கின்றோம்.

வரைதலிலேதான் கவனம் தேவை. ஆகவே பாடத்தைத் தெரிவு செய்யுமுன் பாடத்திட்டத்தையும் கடந்தகால வினாத்தாள்களையும் பெற்றோர் பிள்ளையோடு அமர்ந்து பார்க்கட்டும். செய்முறையில் எவ்வெவ்விடங்களில் தெரிவு உண்டு எனப் பாட ஆசிரியரிடம் கேட்டறியட்டும். அலங்கார வடிவமைப்பு, பொருட்கூட்டம், இயற்கைக் காட்சி, எழுத்தணி ஆகியவற்றில் பிள்ளை ஆழமாகப் பயிலட்டும். உயிருருவம் கட்டாயமாக வரும் இடத்தில் தாம் நம்பும் ஆலிம் ஒருவரிடம் தீர்ப்பைக் கேட்டு நடக்கட்டும். பல்கலைக்கழகத்தில் கட்புலக் கலை பயில எண்ணுவோர், அங்கு உளச்சார்புச் சோதனை உண்டு என்பதையும், மனித உருவப் பயிற்சி மிகுதி என்பதையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

அந்தச் சகோதரரிடம் நான் கூறியதும் இவ்வளவே. இறுதியில் ஒன்றை மட்டும் கேட்டேன்: "நம் பிள்ளைகளுக்கு நாளை சித்திரம் கற்பிப்பவர் யார்?" ஹலால், ஹராம் வரம்பை அறிந்த ஓர் ஆசிரியை வகுப்பறையில் நின்றால், நாற்பது பிள்ளைகள் அந்த வரம்பை அழகோடு சேர்த்தே கற்பர். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "பாடத்திட்டத்தக் கொண்டு வாறன், நீங்களும் ஒருக்காப் பாருங்க" என்றார். இருவரும் பார்த்தோம். மகள் இப்போது பன்னிரண்டாம் ஆண்டில் சித்திரம் பயில்கின்றாள். காலை ஸுபஹுக்குப் பின் ஓதுவதையும் நிறுத்தவில்லை.

படைத்த ஒவ்வொன்றையும் அழகுறச் செய்தவன் அல்லாஹ் என ஸூரத்துஸ் ஸஜ்தா கூறுகின்றது. மாலையில் மந்தை திரும்பும் காட்சியிலும் நமக்கு அழகிருப்பதை ஸூரத்துந் நஹ்ல் சுட்டிக்காட்டுகின்றது. அந்த அழகைக் கூர்ந்து நோக்கும் கண் ஒரு பிள்ளைக்கு வாய்த்திருந்தால் அது அமானிதம். அதை மூடிவிடுவதும் நம் வேலையன்று. கட்டவிழ்த்து விடுவதும் நம் வேலையன்று. வரம்பறிந்து வளர்ப்பதே நம் கடமை.

நம் பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் அல்லாஹ் தன் பொருத்தத்தின் வழியில் ஆக்கியருள்வானாக. ஆமீன்.