கித்மீருக்கும் ஓர் இடம்



போன மாதம் நாங்கள் ஒரு கார் வாங்கினோம். மாஷா அல்லாஹ் சொன்ன எல்லோருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். "ரெண்டு டீச்சர்மாருக்கு என்னத்துக்கு இவ்வளவு நீளக் கார்?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். பின்பக்கத்துக் கம்பி வலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் மாளிகைக்காட்டில் உம்மாவின் வீட்டில் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. வயலும் உம்மாவின் சீதனக் காணிதான், மாவடிப்பள்ளிப் பக்கம். 2024 நவம்பர் 26ஆம் திகதியை இந்தப் பிரதேசத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போன நாள் அது. அந்தப் பிள்ளைகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. தண்ணீர் வடிந்தபின் வயலைப் பார்க்கப் போனோம். வாடியின் பரணுக்குக் கீழே, வைக்கோல் குவியலின் மேல், ஒரு குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வர முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வரவும் முடியவில்லை. அது வாடியிலேயே வளர்ந்தது.

மத்ரசாவில் ஓதும் எங்கள் மகள் அதற்கு 'கித்மீர்' என்று பெயர் வைத்தாள். குகைவாசிகளின் நாய்க்குத் தப்ஸீர்களில் சொல்லப்படும் பெயர் அது. எந்த இனத்துக் கலப்போ தெரியாது, ஒரு வருடத்தில் அல்சேஷன் மாதிரி வளர்ந்துவிட்டது. நெல் மூட்டைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 34 கிலோ.

பிரச்சினை அதற்குக் காயம் பட்ட அன்று தொடங்கியது. ஒரு நாள் விடியக் காலையில் காட்டுப்பன்றி அதன் பின்தொடையைக் கிழித்துவிட்டது. வாடிக்குப் போய்ப் பார்த்தபோது வரம்பில் கிடந்து எங்களைக் கண்டு வாலை மட்டும் ஆட்டியது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோக நான்கு ஓட்டோக்காரர்களைக் கேட்டோம். நான்கு பேரும் தெரிந்தவர்கள், நல்லவர்கள். "சேர், பொறகு ஆரும் ஏறமாட்டாங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்களின் பிழைப்பு. கடைசியில் பக்கத்து வயல்காரரான காரைதீவு அண்ணன் தன்னுடைய பட்டா லொறியைக் கொண்டு வந்தார். நாங்கள் கேட்கவில்லை, யாரோ சொல்லி வந்தார். நாயைத் தானே தூக்கிச் சாக்கின் மேல் கிடத்தினார். பதினொரு தையல். காசு கொடுக்கப் போனபோது, "உங்கட நாய் குரைக்கிறதாலதானே எங்கட வயலுக்கும் பன்றி வாறதில்ல" என்றார்.

அன்று இரவு இரண்டு விஷயம் முடிவானது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த காரை வாங்க வேண்டும். வாங்கும் காரில் கித்மீருக்கும் இடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது முடிவை உம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. முதலில் எங்கள் பள்ளி மௌலவியிடம் போனோம். நாங்கள் ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்தவர்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்து. மாலிக்கி மத்ஹபில் வேறு கருத்து இருப்பது தெரியும். ஆனால் கார் வாங்குவதற்காக மத்ஹப் மாறுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மௌலவி சிரித்தார். வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க ஹதீஸில் அனுமதி இருப்பதை நினைவூட்டினார். பிறகு, "காய்ஞ்சது காய்ஞ்சதுல பட்டா ஒண்டுமில்ல. ஈரம்தான் பிரச்சின. அந்த ஈரம் ஒரு பக்கத்தோட நிக்கிற மாதிரி ஒரு வாகனத்தப் பாருங்க" என்றார்.

கார் வாங்க எங்களுக்குக் கிடைத்த மிகத் தெளிவான ஆலோசனை அதுதான்.

வாகன விலையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள், அதுவும் தாங்க முடியாத வரியோடு. ஐந்து வருடம் ஓடிய காரை வாங்கிய விலையிலும் கூட்டி விற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆகவே பழைய வாகனம்தான், அதுவும் லீசிங்கில்தான். பிழைத்தால் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை வாடியில் கித்மீர் சுருண்டு தூங்கும்போது தையல் நாடாவால் அளந்தோம். நீளம் 95 சென்ரிமீற்றர், அகலம் 65. குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையை அந்த அளவுக்கு வெட்டினோம். போகிற சேல் எல்லாவற்றுக்கும் அந்த மட்டையும் எங்களோடு வந்தது.

எல்லோரும் வெகன் ஆர் என்றார்கள். பெற்றோல் மிச்சம், ஓடுவது சுகம், உண்மைதான். ஆனால் அது ஜப்பானின் சிறுகார் சட்டத்துக்குள் செய்த வண்டி. நீளம் 3.4 மீற்றருக்குள், எஞ்சின் 660 சிசிக்குள், ஆட்கள் நான்கு பேர். நாங்களே ஐந்து பேர். மட்டை பின்கதவுக்கு உள்ளேயே போகவில்லை. அக்சியோ பார்த்தோம், டிக்கி பெரிது. ஆனால் அது மூடிய பெட்டி, உயிருள்ள எதையும் அதற்குள் போடக் கூடாது. டபள் கெப்பின் விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம். விலை சரிவந்திருந்தாலும் நம்மூர் வெயிலில் திறந்த தகரத்தில் ஒரு பிராணியை நிறுத்த முடியாது. டவுன்ஏஸ் வேன் எங்களுக்குப் பிடித்தது, இடம் தாராளம். உம்மாவின் முழங்காலுக்கு அந்தப் படி உயரம்.

கடைசியில் பீல்டர். அக்சியோவின் கூடப்பிறந்ததுதான், பின்பக்கம் மட்டும் நீண்டு கண்ணாடியோடு திறந்திருக்கும். முன்னால் போடும் ஏசிக் காற்று பின்னால் வரைக்கும் போகும். பின்கதவின் வாசல் பதிவு, காயம்பட்ட காலோடும் ஏறலாம். பின் சீற்றை மடிக்காமலே மட்டை படுத்துக்கொண்டது.

அந்த இடத்தில்தான் நாங்கள் சறுக்கினோம். சேல்காரத் தம்பி கேட்டார்: "ஆருக்கு டீச்சர் இந்த மட்ட?"

வாயில் வந்தது: "ஆட்டுக்கு."

ஹஜ்ஜுப் பெருநாள் கிட்ட வந்தால் யார்தான் ஆடு ஏற்றாமல் இருக்கிறார்கள், நம்புவார் என்று நினைத்தோம். எட்டு வயது மகன் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தான். வரும் வழியில் கேட்டான்: "கித்மீர் எப்ப ஆடாகின?"

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள். பதில் இல்லை. நாய் வைத்திருப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்று மௌலவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் வெட்கப்பட்டோம். அந்த வெட்கம் அல்லாஹ்வுக்காக அல்ல, ஊருக்காக. நான்கு ஓட்டோக்காரர்களாவது வெளிப்படையாகச் சொன்னார்கள். நாங்கள் ஆட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

அன்று இஷாவுக்குப் பிறகு உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம், பொய்யையும் சேர்த்து. உம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மூன்று கேள்வி கேட்டார். "அதுட வாய் எனக்கிட்ட வருமா?" வராது உம்மா, கம்பி வலை போடுவோம். "தொழுகப் போற உடுப்போட நான் எங்க இரிக்கிற?" முன் சீற்றில். "கழுவுற மண்?" அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள் காலை உம்மாவே வளவு மண்ணை அரித்து, கழுவிக் காயவைத்த யோகட் கோப்பை ஒன்றில் நிரப்பி, மூடி கட்டி வைத்திருந்தார். "இது காருக்குள்ள கிடக்கட்டும்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

சாய்ந்தமருதில் ஒரு வெல்டிங் கடையில் கம்பி வலை செய்தோம், நான்கு கொளுக்கியில் கழற்றி மாட்டலாம். தரைக்கு விளிம்பு உயர்த்திய ரெக்சீன் விரிப்பு. இறக்கிக் கழுவி வெயிலில் போட்டால் முடிந்தது. வலை உம்மாவுக்காக மட்டுமல்ல. சடுதியாகப் பிரேக் பிடித்தால் 34 கிலோ நாய் முன்னால் இருக்கும் பிள்ளைகளின் மேல்தான் வந்து விழும்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு இன்னுமொன்று. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். நம் கரையோர வெயிலில் கண்ணாடி மூடிய காருக்குள் "அஞ்சு நிமிஷம்தானே" என்று விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

முதல் பயணம் விசர்நாய்த் தடுப்பூசிக்கு. மாவடிப்பள்ளிப் பக்கம் போகும்போது, அந்த இடத்தில், யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பாத்திஹா ஓதினார்கள். மழைக்காலத்தில் வீதிக்கு மேலால் தண்ணீர் போனால் இந்தக் கார் ஓர் அடிகூட முன்னால் போகாது. அதையும் அன்றே வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். திரும்பி வரும்போது கித்மீர் பின்னால் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. உம்மா திரும்பிப் பார்த்தார். "குகை வாசல்ல இப்பிடித்தான் கிடந்திருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சேல்காரத் தம்பிக்குப் போன் எடுத்தோம். "தம்பி, அது ஆட்டுக்கில்ல, நாய்க்கு. பொய் சொல்லிட்டம், மன்னிச்சிக்கொள்ளுங்க."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "எனக்கு அண்டைக்கே தெரியும் டீச்சர். ஆட்டுக்கு ஆரு மட்ட வெட்டி அளவெடுக்கிற?"

எங்களுக்காகவும், அந்த வெள்ளத்தில் போன பிள்ளைகளுக்காகவும் துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.