முயல்களுக்கு ஓர் அறை



தமிழில் 'முயல்' என்னும் ஒரே சொல்லால் இருவேறு விலங்குகளை அழைத்து வருகிறோம். திருக்குறளிலும் நாட்டுப்புறக் கதைகளிலும் துள்ளி ஓடும் முயல் தமிழகத்துக் காட்டு முயல். அது வளை தோண்டாது; பெரும்பாலும் தனித்தே வாழும்; புல்வெளியில் சிறு பள்ளத்தில் படுத்துறங்கும். அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், உடலில் உரோமம் இருக்கும். கடைகளில் நாம் வாங்கும் வளர்ப்பு முயலோ ஐபீரியத் தீவக்குறை மண்ணைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயலின் வழிவந்தது. அது மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இனம். அதன் குட்டி கண் திறவாமல், உரோமமின்றி, இருட்டில் பிறக்கிறது. மலாய்மொழியினர் அரபிலிருந்து பெற்ற 'அர்னாப்' என்னும் சொல்லால் இதனைக் குறிக்கின்றனர்.

இவ்வேறுபாட்டை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்குள் முயலுக்கு இடம் அமைப்பது குறித்த எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதில்தான் இருக்கிறது. வளையில் வாழும் விலங்குக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். கூட்டமாக வாழும் விலங்குக்குத் துணை வேண்டும். ஆபத்து என்றால் ஓடித் தப்பும் விலங்குக்கு ஓடுவதற்கு நீளம் வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் கம்பிக் கூண்டு இம்மூன்றில் ஒன்றையும் தருவதில்லை.

இனிச் செய்திக்கு வருகிறேன். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் விடுமுறைக்கு முன்பு, என்னிடம் பயிலும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வகுப்பு முடிந்த பின்னும் வீட்டுக்குச் செல்லாமல் மேசையருகே நின்றாள். அவளுடைய தந்தைக்கு வேலை போய்விட்டது. வாடகைத் தரைவீட்டை விட்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடிக்குக் குடிபோகிறார்கள். அங்கே விலங்குகள் வளர்க்கக் கூடாதென்பது வீட்டு உரிமையாளரின் நிபந்தனை. அவளிடம் நான்கு திங்கள்கூட நிரம்பாத இரண்டு முயல்கள் இருந்தன. மல்லிகை, முல்லை என்று பெயர். இரண்டும் அக்காள் தங்கை என்று கடைக்காரர் சொல்லி விற்றிருந்தார். இப்போது அதே கடைக்காரர் ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறாராம்.

"சார், நீங்கள் எடுத்துக்கொண்டால் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டாள்.

இரண்டையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். எங்கே வைப்பது என்பதைப் பிறகு சிந்திக்கலாம் என்று சொல்லவில்லை. அன்று மாலையே அளவுநாடாவுடன் வீட்டைச் சுற்றிவந்தேன்.

எங்களுடையது இருபதடி அகலமுள்ள வழக்கமான ஒருமாடித் தாமான் வீடு. மூன்று இடங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, மகிழுந்து நிறுத்தும் முன்தாழ்வாரம். நம் நாட்டில் பெரும்பாலோர் முயற்கூண்டை வைப்பது அங்கேதான். பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியை அங்கே தொங்கவிட்டுப் பார்த்தேன். 35 பாகை செல்சியசு காட்டியது. முயலுக்கு நம்மைப்போல் வியர்த்துக் குளிரும் வழி இல்லை. காதுகளில் ஓடும் குருதி வழியாகவே உடற்சூட்டைப் பெரிதும் வெளியேற்றுகிறது. 28 பாகையைத் தாண்டினாலே அதற்குத் துன்பம் தொடங்கிவிடும். முன்தாழ்வாரத்தில் தெருப்பூனை, உடும்பு, பாம்பு என்று வேறு விருந்தினர்களும் உண்டு. இரண்டாவது, பின்பக்க ஈரச் சமையற்கட்டு. எரிவாயு, கொதிக்கும் எண்ணெய், எப்போதும் நனைந்த தரை, அதற்குமேல் சிந்திக்கவில்லை.

மூன்றாவது இடம் பின்னறை. கிழக்குப் பார்த்த சாளரம். காலையில் மட்டும் வெயில். மின்விசிறி சுழன்றால் நண்பகலிலும் 29 பாகைக்கு மேல் ஏறவில்லை. பத்தடிக்குப் பத்தடி. ஆனால் அது என் தந்தையாரின் அறை. அவர் 2016ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய பிரம்பு நாற்காலி, மர அலமாரி, தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் பால்வெட்டும் கத்தி எல்லாம் அங்கே அப்படியே இருந்தன. அம்மா நாள்தோறும் அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அன்றிரவு நான் கேட்டபோது அம்மா உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் காலையில், "மொசலுக்கு எதுக்குத் தம்பி அறை? தோட்டத்துல நாங்க லயத்துக்குப் பின்னால பெட்டியில வெச்சோம். வளர்ந்தா குழம்பு" என்றார். அது உண்மைதான். அதற்கு மறுப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தக் குழம்பை நானும் சிறுவயதில் உண்டவன். அந்தப் பிள்ளையின் கேள்வியை மட்டும் அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேநீரைக் குடித்து முடித்தார். "நாற்காலிய என் அறையில போடு. கத்தியை நான் எடுத்து வெக்கிறேன். நீ தொடாத" என்றார். அலமாரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கும்படி திட்டமிட வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் இயங்கும் முயல் நலச் சங்கம் ஓர் இணை முயல்களுக்குக் குறைந்த அளவாக 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. அதுவும் தொடர்ச்சியான ஒரே இடமாக, எந்நேரமும் அவற்றின் பயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டுமாம். இரவெல்லாம் சிறு கூண்டில் அடைத்துவிட்டுப் பகலில் ஒருமணி நேரம் திறந்துவிடுவது கணக்கில் சேராது. முயல் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இயங்கும் விலங்கு. நாம் திறந்துவிடும் நண்பகலில் அது தூங்கும்.

இந்த அளவுகளைக் கரும்பலகையில் எழுதி ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் கணக்காகக் கொடுத்தேன். பரப்பளவு 6 சதுர மீட்டர். சுற்றளவு 10 மீட்டர். ஒரு வலைச்சட்டத்தின் அகலம் 60 செண்டிமீட்டர் என்றால் வேலிக்கு எத்தனை சட்டங்கள் வேண்டும்? பதினாறு என்று சிலரும், மிச்சத்தை உணர்ந்து பதினேழு என்று சிலரும் எழுதினர். கடைசி வரிசையில் எப்போதும் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன் மட்டும், "அறைக்குத்தான் சுவர் இருக்கிறதே சார், ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் போதாதா?" என்றான். பத்தடி என்பது 3.05 மீட்டர். சுவருக்குச் சுவர் குறுக்கே ஒரே வேலி, ஐந்து சட்டங்கள். கதவருகே ஒரு மீட்டர் அகலத்தில் நான் நிற்பதற்கும் துடைப்பம் வைப்பதற்கும் இடம் மிஞ்சியது. அலமாரியும் அந்தப் பக்கமே அமைந்தது. அவன் எனக்குச் சேமித்துத் தந்த பணத்திற்கு ஒரு மைலோவாவது வாங்கித் தர வேண்டும் என்று வாங்கித் தந்தேன். சட்டத்தின் உயரம் 90 செண்டிமீட்டராக இருக்கட்டும். 60 செண்டிமீட்டர் வேலியை இளமுயல் விளையாட்டாகவே தாண்டிவிடும்.

தரைதான் பெருந்தொல்லை. முயலின் அடிப்பாதத்தில் பூனைக்கு உள்ளதுபோல் மெத்தை கிடையாது, உரோமம் மட்டுமே. வழவழப்பான பீங்கான் தரையில் கால்கள் பரப்பிக்கொண்டு வழுக்கும். கம்பி வலைத் தரையிலோ பாதம் புண்ணாகிவிடும். பிள்ளைகளுக்கு விரிக்கும் நுரைப்பாயை விரித்தால் கடித்து விழுங்கும். முயலால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இரவுச் சந்தையில் மலாய்க்காரப் பாட்டியொருவர் விற்கும் மெங்குவாங் பாய் நினைவுக்கு வந்தது. தாழை ஓலையில் முடைந்தது, சாயமில்லாதது. கடித்தாலும் தீங்கில்லை, கால் வழுக்காது, நைந்தால் மாற்றிவிடலாம். ஆனால் தரை முழுவதையும் மூடவில்லை. சாளரத்துக்கு எதிர்மூலையில் ஒரு பகுதியை வெறும் தரையாகவே விட்டேன். வெப்பமான பிற்பகல்களில் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துக் குளிர்காய்வதற்கு அது வேண்டும். பனிக்கட்டியாக உறையவைத்த நீர்ப்புட்டி ஒன்றையும் துணியில் சுற்றி அங்கே வைப்பதுண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்கம்பிகள் அனைத்தையும் சுவரில் உயர ஏற்றிக் குழாய்க்குள் செலுத்தினேன். சாளரத்தருகே இருந்த மணிபிளாண்டுக் கொடியை வெளியேற்றினேன். அது முயலின் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். ஒளிவதற்கு அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் இரு வாயில்கள். ஒரே வாயில் என்றால் வலிய முயல் வாயிலில் அமர்ந்துகொண்டு மற்றதை மூலையில் மடக்கிவிடும். கழிவுத்தட்டை மூலையில் வைத்து, அதன்மேல் எட்டும்படி உலர்புல் கூடையை மாட்ட வேண்டும். தின்றுகொண்டே கழிப்பது முயலின் வழக்கம் என்பதால், இந்த ஓர் ஏற்பாட்டாலேயே பாதிப் பயிற்சி முடிந்துவிடுகிறது. தட்டில் அழுத்திய மரத்தூள் உருண்டைகள் போடலாம். பூனைக்குரிய, ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் கூடவே கூடாது.

உணவில் பெரும்பங்கு உலர்புல்லாக இருக்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்திற்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்தால்தான் தேயும். காரட்டு தின்னும் முயல் கேலிச்சித்திரத்தில் மட்டுமே நலமாக வாழ்கிறது. கடையில் கிடைக்கும் திமோத்திப் புல் குளிர்நாடுகளில் விளைந்து கப்பலில் வருவது, விலை கடிக்கிறது. செலவைக் குறைக்கத் தாமான் ஓரத்துப் பச்சைப்புல்லைச் சிறிது அறுத்துவந்தேன். அதை வாசலிலேயே தடுத்து நிறுத்தியவர் அம்மா.

ஒரு கற்றையை எடுத்து முகர்ந்தார். நுனியைத் திருப்பிப் பார்த்தார். "இது மருந்தடிச்ச எடத்துப் புல்லு. நுனி கருகியிருக்குது பாரு" என்றார். பதினாறு ஆண்டுகள் முதுகில் தோம்பு சுமந்து தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தவர் அவர். அன்றைக்குக் கையுறையும் இல்லை, முகக்கவசமும் இல்லை. துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வார்கள். அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்றான பாராகுவாட்டு நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தான் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அம்மாவின் நகங்கள் இன்றும் நேராக வளர்வதில்லை. அன்றுமுதல் புல் விவகாரம் முழுவதும் அவர் பொறுப்பில் போய்விட்டது. பின்வேலியோரம் நேப்பியர்க் கரணைகளை நட்டு, அண்டை வீட்டுக்காரரிடம் அந்தப் பக்கம் மருந்து தெளிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு வந்தார்.

எல்லாம் ஆயத்தமான பின் முயல்களைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். முல்லையைத் தூக்கிப் பார்த்த மருத்துவர் சிரித்தார், அது ஆண். முயலின் சூற்காலம் ஏறக்குறைய 31 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடியும் கருவுறக் கூடியது. கடைக்காரரை நம்பியிருந்தால் ஆறு சதுர மீட்டரில் எத்தனை முயல்கள் இருந்திருக்கும் என்பதையும் ஒரு கணக்காகக் கொடுத்திருக்கலாம். நல்வாய்ப்பாக மல்லிகை கருவுறவில்லை. அக்டோபர்த் தொடக்கத்தில் முல்லைக்கு விதைநீக்க அறுவை நடந்தது. அதன் பிறகும் சில வாரங்கள் ஆணுக்கு ஆற்றல் எஞ்சியிருக்குமாம். ஆறு வாரம் பிரித்து வைக்கச் சொன்னார் மருத்துவர்.

பிரிக்கவே கூடாது என்பதற்காக எடுத்த முயற்சியில் இப்படி ஒரு திருப்பம். வேறு வேறு அறையில் வைத்தால் ஒன்றையொன்று மறந்து, மீண்டும் சேரும்போது கடித்துக்கொள்ளும். ஆகவே அறையை நடுவில் இரண்டாக்கினேன்; ஒரே வேலியாக அன்றி, ஒரு சாண் இடைவெளி விட்டு இரட்டை வேலியாக. வலைக்கிடையே மூக்கைக் கடித்துக்கொள்ள முடியாது. ஆனால் பார்க்கலாம், மணம் நுகரலாம். மூன்று நாளுக்கொருமுறை அவற்றை இடம் மாற்றி விட்டேன், ஒன்றின் மணம் மற்றதற்கு அந்நியமாகிவிடக் கூடாதென்று. இரவில் இரண்டும் வேலியின் இருபுறமும் ஒரே இடத்தில் முதுகைச் சாய்த்துப் படுத்திருக்கும். மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள் கவலைப்பட்டது வேறொன்றுக்கு: ஆணுக்கு முல்லை என்று பெயர் வைத்தது தவறா என்று. முல்லை ஒரு நிலத்தின் பெயரும்தான் என்றேன். மறுநாள் 'முல்லைவேந்தன்' என்று தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். அது கதவில் ஒட்டியிருக்கிறது.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31இல் வந்தது. வெடிச்சத்தம் கேட்டு இரண்டும் பின்காலால் தரையை ஓங்கி அறைந்துவிட்டுப் பெட்டிக்குள் போயின. சாளரத்தைச் சாத்தி, மின்விசிறியை விரைவாகச் சுழலவிட்டு, அம்மாவின் பழைய வானொலியைத் தாழ்ந்த ஒலியில் வைத்தோம். சாம்பிராணிப் புகையும் முயலின் மூச்சுக்கு ஆகாது; அது மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வெள்ளிக்கிழமைகளில் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டே அம்மா தூபக்காலை எடுக்கிறார். புகையை விட்டுவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை.

நவம்பர் நடுவில் வேலியை எடுத்தேன். முதல் கால்மணி நேரம் துரத்தல், உரோமப் பறிப்பு. பிறகு மல்லிகை தலையைத் தாழ்த்தியது. வேந்தன் அதன் நெற்றியை நக்கத் தொடங்கினான். திசம்பரில் மல்லிகைக்கும் கருப்பை நீக்க அறுவை செய்தோம். அறுவை செய்யாத பெண்முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகுதி.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுடைய தந்தைக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வீடு இன்னும் அதே ஏழாவது மாடிதான். திங்களுக்கு ஒருமுறை சனிக்கிழமை மாலையில் வந்து, பின்னறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். பிரம்பு நாற்காலி சென்ற வாரம் மீண்டும் அந்த அறைக்கே வந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம், கால்கள் நான்கையும் தகரத்தால் சுற்றி, அம்மா போட்டுக்கொண்டார். தகரம் கடிக்கப்படவில்லை. பாயைத்தான் மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கிறது.