நீல மெற்றோவில் ஒரு வட ஆபிரிக்கப் பயணம்

மாலைநேரப் பிரெஞ்சு வகுப்புக்கு விடுமுறை. வகுப்புத் தமிழர் எட்டுப் பேர் வட ஆபிரிக்கா பார்க்கப் புறப்பட்டோம். விமானம் தேவைப்படவில்லை. பார்க் நிலையத்தில் நீலப் பாதை மெற்றோ ஏறிக் கடைசித் தரிப்பான சென் மிசெலில் இறங்கினோம். கொஞ்சத் தூரம் நடந்தால் ஜோன் தலோன் வீதியில் 'சின்ன மக்ரெப்'. அல்ஜீரிய, மொரோக்கோ, துனீசியக் கடைகள். வாசலிலே நின்று உரத்த கதை, சிரிப்பு. யாழ்ப்பாணப் பெரியகடை நினைவுக்கு வந்தது.

குஸ்குஸ் எங்கள் புட்டுக்குச் சகோதரம். கோதுமை றவையை நீர் தெளித்து உருட்டி ஆவியில் அவிப்பார்கள். உறைப்புத்தான் காணாது, ஹரிசா என்ற மிளகாய்க் கூழைக் கேட்டு வாங்கினோம்.

கேட்டது நாங்களே! வழமையாகப் பிள்ளைகள்தான் எங்களுக்காகக் கதைப்பார்கள். தொழிற்சாலையில் பிழையாகக் கதைத்து மற்றவர்கள் சிரித்ததிலிருந்து வாய் திறக்கவே கூச்சம். 1830 முதல் 1962 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் புதினாத் தேநீர் ஊற்றிய பெரியவர் நாங்கள் சொல் தேடும்வரை பொறுத்திருந்தார். 1990களின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவராம்.

"திரும்பி ஊருக்குப் போனீர்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை" என்றோம், பிரெஞ்சில்.

"நானும்தான்" என்றவர் இன்னொரு கிளாஸ் ஊற்றினார்.

போக விரும்புபவர்கள் முதல்முறை பிள்ளைகளை விட்டுவிட்டுப் போங்கள்.